சித்தப்பாவின் சின்ன ரெக்கார்டு

இதைப் படிக்கத் தொடங்குமுன் உங்களுக்கு ஒரு சின்ன வேலை. எழுந்து போய்க் கட்டிலுக்கு அடியிலும், அலமாரியின் தலைமேலும், தாத்தா காலத்துத் தகரப் பெட்டிக்குள்ளும் ஒரு முறை பார்த்துவிட்டு வாருங்கள். ஏழு அங்குல அகலத்தில், நடுவில் ஓட்டையோடு, வட்டமான கறுப்புத் தட்டு ஏதேனும் கிடைக்கிறதா? கிடைத்தால் இந்தக் கட்டுரை உங்களுக்காகத்தான். கிடைக்காவிட்டாலும் படியுங்கள். உங்கள் வீட்டில் இல்லாதது பக்கத்து வீட்டில் இருக்கலாம். அதை அவர்கள் நாளைக்கே பழைய சாமான்காரரிடம் தூக்கிக் கொடுத்துவிடவும் கூடும்.

இசைத்தட்டு என்று புத்தகத்தில் எழுதுகிறோம். நம் பெரியவர்கள் வாயில் அது 'ரெக்கார்டு'தான். பெரிய ரெக்கார்டு, சின்ன ரெக்கார்டு என்று இரண்டாகப் பிரித்துச் சொல்வார்கள். இங்கே நான் பேசப்போவது சின்ன ரெக்கார்டைப் பற்றி. அதிலும் 1960-களில் நம் இளவட்டங்களைத் தலைகால் தெரியாமல் ஆடவைத்த ராக் அண்ட் ரோல், ட்விஸ்ட் பாட்டுகளைச் சுமந்துவந்த தட்டுகளைப் பற்றி.

லயத்தில் ஒரு ஆட்டம்

என் சித்தப்பா பால்மரம் வெட்டியவர். பாடாங் மேஹா வட்டாரத்தில் ஒரு தோட்டத்து லயத்தில் எங்கள் குடும்பம் இருந்தது. நான் பிறப்பதற்கு முன்பே நடந்தவை என்றாலும், அப்பாவும் அத்தைகளும் சொல்லிச் சொல்லி அந்தக் காட்சிகள் நான் நேரில் பார்த்தவைபோல் மனத்தில் நிற்கின்றன.

அப்போது லயத்து வீடுகளுக்கு இராத்திரியில் சில மணி நேரம்தான் மின்சாரம். தோட்டத்து இயந்திரம் நின்றால் விளக்கும் நின்றுவிடும். ஆகவே சித்தப்பா பேட்டரியில் ஓடும் சிறிய பாட்டுப் பெட்டி ஒன்றைப் பட்டணத்தில் மாதத் தவணைக்கு வாங்கினார். பாட்டி மூன்று நாள் அவருடன் பேசவில்லையாம். "நாலு ஆடு வாங்கியிருந்தால் குட்டியாவது போட்டிருக்கும். இது என்ன போடும்?" என்று அக்கம்பக்கத்தில் சொல்லி அழுதாராம்.

பெட்டி வந்த பிறகு தட்டு வேண்டுமே! ஒரு சின்ன ரெக்கார்டு ஒரு நாள் கூலியை விழுங்கிவிடும் என்பார் சித்தப்பா. சம்பள நாளுக்கு மறுநாள் சைக்கிளை மிதித்துக்கொண்டு கூலிமுக்குப் போவார். கடைக்காரரைப் போடச் சொல்லி ஐந்தாறு தட்டுகளைக் கேட்டுவிட்டு, ஒன்றை மட்டும் வாங்கிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு திரும்புவார். அப்படி அவர் வாங்கியவற்றில் உயிருக்கு உயிரான ஒன்று, அமெரிக்கப் பாடகர் எல்விஸ் பிரெஸ்லியின் 'ஜெயில்ஹவுஸ் ராக்'. 1957-இல் வெளியான பாட்டு. சித்தப்பாவின் கைக்கு வந்தது ஏழெட்டு ஆண்டுகள் கழித்து. யாரோ கேட்டுத் தேய்த்த பழைய தட்டு.

சித்தப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. அதனால் என்ன? ஆங்கிலச் சொல் வரவேண்டிய இடத்தில் வாய்க்கு வந்த தமிழ்ச் சொல்லைப் போட்டுப் பாடுவார். தீபாவளி இரவில் லயத்து வாசலில் பெட்டியை வைத்து, எண்ணெய் தடவிய தலைமுடியை நெற்றியில் சுருட்டி விட்டுக்கொண்டு ஆடுவார். சின்னப் பிள்ளைகள் சுற்றி நின்று ஆடுவார்கள். கிழக் கங்காணி மட்டும் திண்ணையில் உட்கார்ந்து, "வெள்ளைக்காரன் கூத்தடா இது, நமக்கு எதற்கு?" என்று திட்டுவார். திட்டினாலும் எழுந்து போகமாட்டாராம்!

பேட்டரி தளர்ந்தால் எல்விஸ் குரல் கட்டையாகி, பேய் பேசுவதுபோல் இழுக்கும். சித்தப்பா பேட்டரிகளைக் கழற்றி வெயிலில் காயப்போடுவார். சற்று உயிர் வரும், இன்னும் இரண்டு பாட்டு ஓடும். காய்ந்த மிளகாய்க்குப் பக்கத்தில் பேட்டரியும் காய்ந்த வீடு எங்கள் வீடு.

மூன்று வேகம், ஒரே கோடு

என் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு ரெக்கார்டைக் காட்டி, "இதன் ஒரு பக்கத்தில் எத்தனை கோடுகள் இருக்கின்றன?" என்று கேட்பேன். நூறு என்பான் ஒருவன். ஆயிரம் என்பாள் ஒருத்தி. விடை ஒன்றே ஒன்றுதான். ஓரத்தில் தொடங்கி, கொசுவர்த்திச் சுருள்போல் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வந்து சேரும் ஒரே கோடு. பாடகரின் குரலும் வாத்தியங்களின் ஒலியும் எப்படி அதிர்ந்தனவோ அப்படியே அந்தக் கோட்டின் சுவர்களும் நெளிந்திருக்கும். ஊசி அதில் ஓடும்போது அதே நெளிவுக்கு ஏற்ப அதிரும். அந்த அதிர்வைப் பெருக்கினால் பாட்டு. அவ்வளவுதான் இரகசியம்.

முதலில் இருந்தவை பெரிய, கனத்த தட்டுகள். நிமிடத்துக்கு 78 சுற்று. பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ மூன்று நிமிடம். அவற்றைச் செய்யப் பயன்பட்ட முக்கியப் பொருள் அரக்கு. இந்தியக் காடுகளில் மரக்கிளைகளில் ஒரு சிறு பூச்சி சுரக்கும் அதே அரக்குத்தான். கைதவறி விழுந்தால் சட்டிபோல் உடையும். கே.பி. சுந்தராம்பாள், எஸ்.ஜி. கிட்டப்பா ஆகியோரின் குரல்களை நம் முன்னோர் கேட்டது இந்த அரக்குத் தட்டுகளில்தான்.

பிறகு வினைல் என்னும் பிளாஸ்டிக் வந்தது. 1948-இல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் 33⅓ சுற்றில் ஓடும் நீண்ட நேரத் தட்டை வெளியிட்டது. அதற்குப் போட்டியாக 1949-இல் ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனம் 45 சுற்றில் ஓடும் ஏழு அங்குலத் தட்டைக் கொண்டுவந்தது. பக்கத்துக்கு ஒரு பாட்டு என்றால் அது சிங்கிள். பக்கத்துக்கு இரண்டாக நான்கு பாட்டு என்றால் அதற்கு இ.பி. என்று பெயர். நம் தமிழ்ப் படப் பாட்டுகள் சின்னத் தட்டில் வந்தபோது பெரும்பாலும் இ.பி.யாகவே வந்தன. கல்கத்தாவுக்கு அருகில் டம்டம் என்ற இடத்தில் இருந்த கிராமபோன் கம்பெனியின் ஆலையில் அச்சாகிக் கப்பலேறி வந்த தட்டுகள் அவை. குழாயின் முன்னே காது கொடுத்து உட்கார்ந்திருக்கும் நாய்ப் படம் நினைவிருக்கிறதா? பிரான்சிஸ் பாரோ என்ற ஓவியர் வரைந்த அந்தப் படத்தை 1899-இல் கம்பெனி விலைக்கு வாங்கியது. 'நாய் மார்க்கு ரெக்கார்டு' என்று நம்மவர்கள் பெயர் வைத்தது அதைப் பார்த்துத்தான்.

பருத்தித் தோட்டத்தில் பிறந்த பாட்டு

கங்காணித் தாத்தா 'வெள்ளைக்காரன் கூத்து' என்றாரே, அங்கேதான் அவர் தவறிவிட்டார். நானும் நெடுங்காலம் அப்படித்தான் நினைத்திருந்தேன். ராக் அண்ட் ரோல் எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தபோதுதான் உண்மை தெரிந்தது. அதைத் தோட்டத்து மக்களாகிய நீங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஸ்டோவல் என்று ஒரு பருத்தித் தோட்டம். அங்கே மட்டி வாட்டர்ஸ் என்ற கறுப்பின வாலிபர் வேலை செய்துவந்தார். டிராக்டர் ஓட்டுவார், பருத்தி எடுப்பார், ஓய்வு நேரத்தில் கித்தார் வாசித்துப் பாடுவார். 1941 ஆகஸ்டு மாதம் ஆலன் லோமாக்ஸ், ஜான் வொர்க் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒலிப்பதிவுக் கருவியோடு அந்தத் தோட்டத்துக்கு வந்தார்கள். நாட்டுப்புறப் பாட்டுகளைப் பதிவு செய்து அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் சேர்ப்பது அவர்கள் நோக்கம். மட்டி வாட்டர்ஸின் வீட்டிலேயே அவருடைய பாட்டைப் பதிந்தார்கள். பின்னர் அந்தத் தட்டு அவர் கைக்கு வந்தது. அவர் அதைக் கொண்டுபோய் அருகிலிருந்த கடையின் பாட்டுப் பெட்டியில் வைத்துத் தம் குரலைத் தாமே திரும்பத் திரும்பக் கேட்டாராம்.

சற்றே நினைத்துப் பாருங்கள். வாழ்நாளெல்லாம் "ஏய், வா, போ" என்று பிறர் ஏவும் குரலையே கேட்டு வளர்ந்த ஒரு தோட்டத் தொழிலாளி, முதன்முதலாகத் தன் குரலைத் தட்டில் கேட்கிறான். நானும் ஒரு பாடகன்தான் என்று அன்று அவருக்குத் துணிவு வந்தது. 1943-இல் தோட்டத்தை விட்டு சிகாகோ நகருக்கு இரயிலேறினார். அங்கே மின்சாரக் கித்தாரோடு பாடிப் புகழ்பெற்றார். 1955-இல் தம்மைத் தேடிவந்த சக் பெர்ரி என்ற இளைஞருக்கு, தமக்குத் தெரிந்த ரெக்கார்டு கம்பெனியின் வழியைக் காட்டியவரும் அவரே. அந்தச் சக் பெர்ரிதான் ராக் அண்ட் ரோலின் மூலவர்களில் ஒருவர்.

எல்விஸ் கதையும் நமக்கு அந்நியமன்று. 1935-இல் மிசிசிப்பியில் இரண்டே அறை கொண்ட வீட்டில் பிறந்த ஏழைப் பிள்ளை அவர். 1953-இல், 18 வயதில், மெம்பிஸ் நகரத்தில் ஏறத்தாழ 4 டாலர் கட்டணம் கொடுத்துத் தம் குரலை ஒரு தட்டில் பதிந்துகொண்டார். வீட்டில் அதைப் போட்டுக் கேட்கப் பெட்டி இல்லை. ஒரு நண்பர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கேட்டுவிட்டு, தட்டை அங்கேயே விட்டுவிட்டு வந்தார். 2015 ஜனவரியில் அதே தட்டு ஏலத்தில் 3 இலட்சம் டாலருக்குப் போனது!

இனி ஒரு கசப்பான செய்தியும் உண்டு. 1954-இல் எல்விஸின் முதல் சிங்கிளில் வந்த பாட்டை முதலில் எழுதிப் பாடியவர் ஆர்தர் குருடப் என்ற கறுப்பினக் கலைஞர். அவர் பாட்டு உலகெங்கும் விற்றது. அவருக்குச் சேரவேண்டிய உரிமைத் தொகையோ பெரும்பாலும் கைக்கு வரவில்லை. கூலி வேலை செய்தே பிழைத்து 1974-இல் காலமானார். உழைப்பவன் ஒருவன், பலன் பெறுபவன் வேறொருவன் என்ற கதையை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை அல்லவா?

ஆகவே, லயத்து வாசலில் சித்தப்பா ஆடியது வெள்ளைக்காரன் கூத்து அன்று. ஒரு தோட்டத்தில் பிறந்த தாளம், கடல் கடந்து இன்னொரு தோட்டத்துக்கு வந்திருக்கிறது. அவ்வளவே.

நம் கரைக்கு வந்த கதை

1961-இல் இங்கிலாந்துப் பாடகர் கிளிஃப் ரிச்சர்டும் அவருடைய 'ஷாடோஸ்' குழுவும் சிங்கப்பூர் மேடையில் வாசித்தபோது, நம் வட்டாரத்து இளைஞர்களுக்குக் கித்தார்ப் பித்துப் பிடித்தது. பிறகு பீட்டில்ஸ் வந்தார்கள். அவர்கள் பாட்டில் அடிக்கடி வரும் 'யே யே' ஒலியைக் கொண்டு, மலாய் இளைஞர்களின் புதுப்பாட்டுக்கு 'பாப் யே யே' என்ற பெயரே நிலைத்துவிட்டது. 1964-இல் எம். ஒஸ்மான் பாடிய 'சுஸானா' அதற்கு வழி திறந்த தட்டு. இன்று மலாய் ரெக்கார்டு சேகரிப்பவர்கள் போட்டி போட்டுத் தேடுவது இந்தக் காலத்துச் சின்னத் தட்டுகளைத்தான்.

தமிழ் மட்டும் சும்மா இருந்ததா? யோடலிங் என்ற மேல்நாட்டுக் குரல் வித்தையைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் ஜே.பி. சந்திரபாபு. 1964-இல் ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' வந்தது. அதில் விஸ்வநாதன் - ராமமூர்த்தி இரட்டையர் போட்ட ராக் அண்ட் ரோல் மெட்டுக்கு ஆடாத கால்கள் இல்லை. அதே ஆண்டு வந்த 'சர்வர் சுந்தரம்' படத்தில், பாட்டு ஒலிப்பதிவாகும் கூடத்தையே காட்சியாக்கி, எம்.எஸ். விஸ்வநாதன் வாத்தியக்காரர்களை நடத்துவதைக் காட்டினார்கள். ரெக்கார்டு எப்படி உருவாகிறது என்று நம்மில் பலர் கண்ணால் கண்டது அப்போதுதான். 1966-இல் 'அன்பே வா' படத்தில் எம்.ஜி.ஆரே ட்விஸ்ட் ஆடிவிட்டார். அதன் பிறகு யார் யாரைத் தடுக்க முடியும்?

இலங்கையிலும் ஓர் அலை எழுந்தது. நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன் போன்றோர் பைலா தாளத்தில் தமிழ்ப் பொப் பாட்டுகளைப் பாடினார்கள். மனோகரனின் 'சுராங்கனி' அறியாத தமிழ் வீடு உண்டா? 1977-இல் அதைத் தழுவி ஒரு தமிழ்ப் படத்தில் வந்த பாட்டைப் பாடியவர் நம் மலேசியா வாசுதேவன். இங்கே நாடக மேடைகளில் பாடிவிட்டுச் சென்னைக்குப் போனவர், அதே 1977-இல் '16 வயதினிலே' மூலம் பட்டிதொட்டியெல்லாம் அறியப்பட்டு, 2011-இல் மறைந்தார். பினாங்கின் ஆறுமுகம் வீட்டுச் சகோதரர்கள் டேவிட்டும் லோகநாதனும் 'அல்லி கேட்ஸ்' குழுவாகி, 1979-இல் முதல் மலாய் இசைத்தட்டை வெளியிட்டு நாட்டையே கவர்ந்ததும் உங்களுக்குத் தெரியும். லோகநாதன் 2007-இல் காலமானார். இவர்கள் பெயர் தாங்கிய தட்டு உங்கள் வீட்டில் இருந்தால் அது வெறும் பிளாஸ்டிக் அன்று.

பின்பு கேசட் வந்தது. 1963-இல் பிலிப்ஸ் நிறுவனம் உருவாக்கிய அந்தச் சிறு பெட்டி, எழுபதுகளின் இறுதியில் நம் கடைவீதிகளை நிறைத்துவிட்டது. விலை மலிவு, உடையாது, பேருந்திலும் போடலாம். ரெக்கார்டுகள் மெல்லக் கட்டிலுக்கு அடியில் போயின. நான் பிள்ளையாக இருந்தபோது அவற்றைப் பார்த்தது அங்கேதான்.

நான் செய்த பிழை

2004-ஆம் ஆண்டு. நான் பயிற்சிக் கல்லூரி முடித்து வாத்தியாராகிச் சில காலம்தான் ஆகியிருந்தது. நாங்கள் இருந்த தோட்டம் கைமாறியது. லயங்களைக் காலி செய்யச் சொன்னார்கள். மூன்று தலைமுறைச் சாமான்களை மூன்று அறை வீட்டுக்குள் அடைக்க வேண்டும். ஆட்டுக்கல் போயிற்று, மரக்கட்டில் போயிற்று. கட்டிலுக்கு அடியில் இருந்த ரெக்கார்டுப் பெட்டியை நான் இழுத்துப் பார்த்தேன். பூஞ்சை பிடித்து, கரப்பான் முட்டையோடு இருந்தது. பாட்டுப் பெட்டியும் ஓடவில்லை. பழைய சாமான்காரர் லாரியோடு நின்றார். "எல்லாம் சேர்த்து எட்டு வெள்ளி" என்றார். வாங்கிக்கொண்டேன்.

சித்தப்பா அப்போது சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார். பெட்டி லாரிக்குப் போவதைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. படித்தவன் செய்தால் சரியாக இருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ! அந்த மௌனத்தை நான் புரிந்துகொள்ளப் பத்தாண்டுகள் ஆயின.

ஒருநாள் வகுப்பில் பழைய கால வாழ்க்கை பற்றிய பாடம். பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு ரெக்கார்டு கிடைக்குமா என்று தேடியபோது, லயத்தை விட்டுவந்த எங்கள் உறவினர் வீடுகளில் ஒன்றுகூட இல்லை. எல்லாரும் என்னைப்போலவே செய்திருந்தார்கள். அன்றுதான் என் நெஞ்சில் ஏதோ குத்தியது. நம் தாத்தா பாட்டி சம்பளக் காசில் வாங்கிய பொருள்களில், அவர்களுடைய பசிக்காக அல்லாமல் மகிழ்ச்சிக்காக வாங்கியவை மிகச் சில. அவற்றில் ஒன்றை எட்டு வெள்ளிக்குக் கொடுத்துவிட்டேனே!

அதன் பிறகு தேடத் தொடங்கினேன். பள்ளி விடுமுறையில் பினாங்குக்குப் போய், லோரோங் கூலிட் காலைச் சந்தையில் பழைய கடிகாரங்களுக்கும் செருப்புகளுக்கும் நடுவில் குனிந்து குனிந்து பார்ப்பேன். நான்காவது தடவை போனபோது 'ஜெயில்ஹவுஸ் ராக்' கிடைத்தது. கடைக்காரர் எழுபது வெள்ளி என்றார். பேரம் பேசி நாற்பத்தைந்துக்கு வாங்கினேன். வீட்டில் என் மனைவி என்ன சொன்னார் என்பதை எழுதப்போவதில்லை. பாட்டியின் ஆட்டுக்குட்டிக் கணக்கு எனக்கு நினைவுக்கு வந்தது என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.

அடுத்த ஞாயிறு, இரவல் வாங்கிய பெட்டியோடு சுங்கைப் பட்டாணியில் மகள் வீட்டில் இருக்கும் சித்தப்பாவைப் பார்க்கப் போனேன். நீரிழிவு அவர் காலை வீங்க வைத்திருந்தது. தட்டைச் சுழலவிட்டேன். முதல் அடியிலேயே கண் மலர்ந்தது. விரலால் நாற்காலிக் கையில் தாளம் போட்டார். பாட்டு முடிந்ததும் சிரித்தார்.

"நல்லாத்தான் இருக்கு வாத்தியாரே. ஆனா இது நம்மோடது இல்லப்பா."

"எப்படிச் சித்தப்பா சொல்றீங்க? அதே பாட்டுத்தானே?"

"நம்ம ரெக்கார்டுல நடுவுல ஒரு கீறல் உண்டு. அந்த இடத்துல ஊசி குதிச்சு ஒரு அடி விட்டுப்போகும். உங்கப்பன் கல்யாணத்தன்னிக்கு ராத்திரி யாரோ பிள்ளை ஓடிவந்து பெட்டியைத் தட்டிவிட்டதுல விழுந்த கீறல் அது. நான் அந்த அடியை விட்டுட்டுத்தான் இத்தனை வருசமும் பாடறேன்."

எனக்குப் பேச்சு வரவில்லை. கீறல் என்றால் பழுது என்று படித்திருந்தேன். அந்தக் கீறல் எங்கள் குடும்பத்தின் ஒரு தேதி. அதைக் கடையில் வாங்க முடியாது. அதனால்தான் உங்களிடம் கெஞ்சுகிறேன்: உங்களுடையதைத் தொலைத்துவிடாதீர்கள்.

சேர்க்க நினைப்பவர்களுக்கு

இன்று உலகமெங்கும் ரெக்கார்டுக்கு மீண்டும் மவுசு வந்திருக்கிறது. அமெரிக்காவில் 2022-இல் ஏறத்தாழ 4 கோடியே 10 இலட்சம் வினைல் தட்டுகள் விற்றன. குறுந்தட்டுகள் 3 கோடியே 30 இலட்சம்தான். ஆகவே உங்கள் வீட்டுக் கதவைத் தட்டி, "பழைய ரெக்கார்டு இருக்கிறதா?" என்று யாராவது கேட்டால் உடனே கொடுத்துவிடாதீர்கள். என் அனுபவத்தில் கண்ட சிலவற்றைச் சொல்கிறேன்.

1. தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள். கனத்தில் வளையும். புத்தகம்போல் நிமிர்த்தி நிறுத்துங்கள். வெயில் படும் சன்னல் ஓரமும், தண்ணீர் கசியும் சுவரும் கூடாது.

2. நம் ஊர் ஈரக்காற்றில் பூஞ்சை பிடிக்கும். பயந்து தூக்கி எறிய வேண்டாம். வினைல் தட்டு என்றால் காய்ச்சி வடித்த நீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் விட்டு, மென்மையான துணியால் கோட்டின் போக்கிலேயே வட்டமாகத் துடையுங்கள். பிறகு வெறும் நீரால் துடைத்து நிழலில் உலர்த்துங்கள். நடுவிலுள்ள காகித முத்திரை நனையக்கூடாது.

3. பழைய அரக்குத் தட்டில் ஸ்பிரிட், சாராயம் கலந்த எதையும் தடவாதீர்கள். அரக்கு அதில் கரைந்துவிடும்.

4. சாவி கொடுத்துச் சுற்றும் பழைய கிராமபோனில் சின்ன ரெக்கார்டைப் போடாதீர்கள். அதன் கனத்த இரும்பு ஊசி வினைல் கோட்டை உழுதுவிடும். அதேபோல் 78 தட்டுக்கு உரிய ஊசி வேறு, 45 தட்டுக்கு உரிய ஊசி வேறு.

5. விலைக்கு வாங்கும்போது தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் கீறலைவிட நகத்தில் தட்டுப்படும் கீறலே பாட்டைக் கெடுக்கும். உறை மூலமானதா, முத்திரையில் உள்ள எண்ணும் உறையில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். உறை ஒன்று, தட்டு வேறொன்று என்று சேர்த்து விற்பதும் உண்டு.

6. மறுபக்கத்தை அலட்சியப்படுத்தாதீர்கள். உலகையே ஆட்டிய 'ராக் அரவுண்ட் த க்ளாக்' 1954-இல் முதலில் வெளியானது ஒரு சிங்கிளின் மறுபக்கமாகத்தான்!

7. கடன் வாங்கிச் சேர்க்காதீர்கள். விற்றுப் பணக்காரராகலாம் என்ற ஆசையும் வேண்டாம். எல்விஸின் முதல் தட்டுக்கு மூன்று இலட்சம் டாலர் கிடைத்தது உலகில் அது ஒன்றே ஒன்று என்பதால். ஆயிரக்கணக்கில் அச்சான தட்டுக்கு அந்த விலை வராது.

சேகரிப்பு என்பது பணக்காரர் பொழுதுபோக்கு என்று எண்ணவேண்டாம். தமிழ்நாட்டில் கோட்டையூர் என்ற ஊரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். விளம்பரப் பலகை எழுதுவது அவர் தொழில். பிறர் குப்பை என்று ஒதுக்கிய பழைய தமிழ்ப் புத்தகங்களையும் இதழ்களையும் துண்டறிக்கைகளையும் வாழ்நாளெல்லாம் சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் திரட்டை வாங்கியது. 1994-இல் சென்னையில் அது ஆராய்ச்சி நூலகமாயிற்று. உலகத்து அறிஞர்கள் இன்று அதைத் தேடி வருகிறார்கள்.

ஒரு காகிதமும் பேனாவும்

கடைசியாக ஒன்று. ரெக்கார்டு கிடைத்தால் அதன் உறைக்குள் ஒரு துண்டுக் காகிதம் வையுங்கள். யார் வாங்கியது, எந்த ஆண்டு, எந்தக் கடையில், எந்தத் தோட்டத்தில் இருந்தபோது, யாருடைய கல்யாணத்தில் போட்டது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எழுதுங்கள். பாட்டை இப்போதெல்லாம் கைத்தொலைபேசியில் நொடியில் கேட்டுவிடலாம். அந்தக் காகிதத்தில் இருப்பதைச் சொல்லக்கூடியவர்கள் எண்பதை எட்டிக்கொண்டிருக்கிறார்கள். தாமதிக்காதீர்கள்.

நான் என் நாற்பத்தைந்து வெள்ளித் தட்டிலும் அப்படி ஒரு காகிதம் வைத்திருக்கிறேன். "இது எங்களுடையது அன்று. எங்களுடையதை 2004-இல் நான் விற்றுவிட்டேன். அதில் நடுவே ஒரு கீறல் இருக்கும்" என்று அதில் எழுதியிருக்கிறேன். உங்களில் யாராவது எங்காவது அந்தத் தட்டைப் போட்டுக் கேட்க நேர்ந்து, ஊசி ஓர் அடியை விட்டுக் குதித்தால், கொஞ்சம் நின்று எங்கள் சித்தப்பாவை நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, கட்டிலுக்கு அடியில் பார்த்துவிட்டீர்களா?